உள்ளூர் அமைப்புகள், நீடித்த வளர்ச்சி, வறுமைக் குறைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர் அமைப்பு என்று எவற்றைச் சொல்கிறோம்?

ஓர் ஊரில் அல்லது நகரத்தின் ஒரு பகுதியில் வாழும் மக்கள், தங்களுக்குப் பொதுவான ஒன்றைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கவும் அந்த முடிவை நடைமுறைப்படுத்தவும் ஏற்படுத்திக்கொண்ட, அல்லது சட்டம் அவர்களுக்கு ஏற்படுத்திக்கொடுத்த எல்லா ஏற்பாடுகளையும் இந்தப் பெயரால் குறிக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியும் நகராட்சியும் இதில் அடங்கும். பாசனச் சங்கம், வனக் குழு, கூட்டுறவுச் சங்கம், பெண்களின் சேமிப்புக் குழு, பள்ளி மேலாண்மைக் குழு ஆகியவையும் அடங்கும். ‘நிறுவனம்’ என்றால் தமிழில் வணிக நிறுவனமே முதலில் நினைவுக்கு வருவதால், இந்தப் பக்கத்தில் ‘அமைப்பு’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறோம். எழுதப்படாத விதிகளும் அமைப்பின் பகுதிதான். யார் வயலுக்கு முதலில் தண்ணீர், யார் மாடு எந்த மாதத்தில் மேய்ச்சலுக்குப் போகலாம் என்று ஊர் ஒப்புக்கொண்ட வழக்கம், அச்சிட்ட துணைவிதிகளைவிட உறுதியாக நிற்பது உண்டு.

திட்டங்களை நாட்டின் அரசுதானே தீட்டுகிறது? உள்ளூர் அமைப்புக்கு அதில் என்ன வேலை?

ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சித் திட்டத்தில் 17 இலக்குகளும் அவற்றின்கீழ் 169 உட்குறிக்கோள்களும் உள்ளன. உள்ளூர், மண்டல நிர்வாகங்கள் முறையாக ஈடுபடாவிட்டால் இவற்றுள் குறைந்தது 105 உட்குறிக்கோள்கள் எட்டப்படாது என்பது பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) என்ற பன்னாட்டு அமைப்பின் மதிப்பீடு. குடிநீர், கழிவுநீர், தொடக்கக் கல்வி, ஆரம்ப சுகாதாரம், நிலப் பயன்பாடு, குப்பை என்று பட்டியலைப் பார்த்தாலே காரணம் விளங்கும். இவை எல்லாம் ஏதாவது ஓர் ஊரில், ஒரு தெருவில் நடந்தாக வேண்டியவை.

ஒரு கைப்பம்பை எடுத்துக்கொள்வோம். அதை நிறுவ நிதி ஒதுக்குவது, துளையிடும் வண்டியை அனுப்புவது, திறந்துவைப்பது எல்லாம் மேலிருந்து நடந்துவிடும். இரண்டு ஆண்டு கழித்து உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, நூறு முறை அடித்தாலும் அரைக் குடம்கூட நிரம்பாத நாள் வருகிறது. வாஷரின் விலை சொற்பம். அதை வாங்கும் பணம் யாரிடம் இருக்கிறது, கழற்றி மாட்டத் தெரிந்தவர் யார், அவரை அழைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஊரிலேயே விடை இருந்தால் மறுநாள் தண்ணீர் வரும். இல்லாவிட்டால் பெண்கள் மறுபடியும் பழைய குட்டைக்கே நடப்பார்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் கிராமப்புறங்களில், எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு கைப்பம்பு இயங்காமல் இருந்ததாக 2009 வாக்கில் செய்யப்பட்ட மதிப்பீடுகள் காட்டின. அங்கே குறைந்தது பம்பு அல்ல, அதைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. ‘நீடித்த’ என்ற அடைமொழிக்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் பொதுவான வளம் யாருக்கும் சொந்தமில்லாமல் அழிந்துபோகும் என்கிறார்களே?

கேரட் ஹார்டின் என்ற உயிரியலாளர் 1968இல் எழுதிய கட்டுரையின் வாதம் இது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் லாபத்துக்காக ஒரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவிடுவார்கள், முடிவில் புல் முழுவதும் அழியும், ஆகவே நிலத்தைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் அல்லது அரசு கையில் எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து பலர் பெற்ற முடிவு. உலகின் பல நாடுகளில் காட்டையும் ஏரியையும் ஊரார் கையிலிருந்து எடுத்ததற்கு இந்த வாதம் துணைநின்றது.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அரசியல் அறிவியலாளர் இதற்கு விடை தேட, பல நாடுகளின் ஊர்களில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தில், மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதை முறைப்படுத்த ஊரார் 1483இல் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் ஒருவர் தம் சொந்தத் தீவனத்தால் எத்தனை பசுக்களைக் காப்பாற்ற முடியுமோ அத்தனை பசுக்களை மட்டுமே கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்ற விதி 1517ஆம் ஆண்டு ஆவணத்தில் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் தாங்கும் அளவை எந்த நிபுணரும் கணக்கிட வேண்டியதில்லை. வைக்கோல் போரே கணக்குச் சொல்லிவிடும். மீறியவரைக் கண்டுபிடிப்பதும் எளிது, ஏனென்றால் யார் வீட்டில் எத்தனை பசு என்பது ஊருக்கே தெரியும்.

ஸ்பெயினின் வலென்சியா நகரில் பாசனத் தகராறுகளைத் தீர்க்கும் தண்ணீர் நடுவர் மன்றம், வியாழக்கிழமைகளில் நண்பகலில் தேவாலய வாசலில் கூடுகிறது. விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களே நடுவர்கள். விசாரணை வாய்மொழியாக நடந்து அங்கேயே தீர்ப்பும் சொல்லப்படுகிறது. யுனெஸ்கோ 2009இல் இதை மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. அதே 2009இல் ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

நிலைத்து நின்ற அமைப்புகளில் அவர் கண்ட பொதுத்தன்மைகளில் நான் முதன்மையாகக் கருதுவது இரண்டு. விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியை மாற்றும் உரிமையும் பெற்றிருந்தார்கள். தண்டனை சிறிதாகத் தொடங்கி, மீறல் தொடர்ந்தால் மட்டும் ஏறியது. முதல் தவறுக்கே ஒருவரை ஊரைவிட்டு ஒதுக்கும் அமைப்பு அச்சத்தால்தான் நிற்கிறது, அச்சம் வளத்தைக் காப்பதில்லை.

பழைய உள்ளூர் முறைகள் இன்றைய உற்பத்தித் தேவைக்கு ஈடுகொடுக்குமா?

இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்ததைச் சொன்னால் இதற்கு நல்ல விடை கிடைக்கும். அங்கே நெல் விவசாயிகள் ‘சுபாக்’ என்ற பாசனச் சங்கங்களாகப் பல நூற்றாண்டுகளாகச் செயல்படுகிறார்கள். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வயல்கள், ஒரே ஓடையின் தண்ணீர் மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு இறங்குகிறது. எப்போது நடவு, எப்போது தரிசு என்பதை அண்டைச் சங்கங்கள் தண்ணீர்க் கோயில்களில் கூடி ஒன்றாகத் தீர்மானித்தன. இதைச் சமயச் சடங்கு என்று கருதிய அதிகாரிகள், 1970களில் புதிய நெல் ரகங்களோடு வந்து, அண்டை வயலுக்காகக் காத்திருக்காமல் எவ்வளவு முறை முடியுமோ அவ்வளவு முறை பயிரிடச் சொன்னார்கள். முதலில் விளைச்சல் கூடியது. அடுத்து புகையான் பூச்சியும் எலியும் நோயும் வந்தன. மருந்து தெளித்தார்கள், பூச்சியோ மருந்துக்குப் பழகிக்கொண்டது, மீண்டும் புதிய ரகம், மீண்டும் புதிய நோய் என்று அது நீண்டது.

ஒரு பெரிய பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அறுவடையாகித் தரிசாகக் கிடக்கும்போது பூச்சிக்கு உணவும் இருப்பிடமும் இல்லாமல் போகிறது என்பதுதான் அந்தச் சடங்குக்குள் இருந்த வேளாண்மை. மேல்வயல்காரர் தண்ணீரை முழுவதும் தாமே எடுத்துக்கொள்ளாமல் கீழே விட்டதற்கும் இதுவே காரணம். கீழே உள்ளவர் தண்ணீர் கிடைக்காமல் தாமதமாக நட்டால், அங்கே வளரும் பூச்சி மேலேயும் ஏறிவரும். ஸ்டீஃபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் கணினி மாதிரி ஒன்றின் உதவியால் இதை விளக்கிக் காட்டிய பிறகு பழைய ஒருங்கிணைப்பின் மதிப்பு பரவலாக ஏற்கப்பட்டது. 2012இல் சுபாக் நிலப்பரப்பு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பழையது என்பதாலேயே ஒன்று நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு விதி ஏன் இருக்கிறது என்று அதைக் கடைப்பிடிப்பவர்களிடம் கேட்காமல் அதை அகற்றக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

இயற்கை வளம் மீண்டதால் ஏழைகளின் வறுமை குறைந்துவிடுமா?

தானாகக் குறையாது. நேபாளம் 1957இல் தனியார் காடுகளை அரசுடைமையாக்கியபோது, ஊரார் தம்முடையது என்று காத்துவந்த காடு யாருடையதோ ஆகிவிட்டது, வெட்டும் பெருகியது. 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டின் நிர்வாகத்தைச் சமூக வனப் பயனாளர் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று அத்தகைய குழுக்கள் 22,000க்கும் அதிகம். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வின்படி நேபாளத்தின் காட்டுப் பரப்பு 1992இல் 26 விழுக்காடாக இருந்து 2016இல் 45 விழுக்காடாக உயர்ந்தது. மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேறி வயல்கள் தரிசானதற்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், குழுக்களின் பங்கு மறுக்க முடியாதது.

ஆனால் காடு தழைத்த முதல் ஆண்டுகளில் நட்டம் யாருக்கு நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். காட்டைக் காப்பதற்காக மேய்ச்சலுக்கும் சுள்ளி பொறுக்கவும் தடை விதித்தபோது, சொந்த நிலத்தில் மரம் வைத்திருந்தவருக்கு அது பெரிய இடர் இல்லை. ஒரு துண்டு நிலமும் இல்லாமல் விறகு விற்று அன்றாடம் அடுப்பெரித்தவருக்கு அந்தச் சுள்ளியே வாழ்வு. விதியை எழுதிய கூட்டத்தில் முதலாமவர் இருந்தார், இரண்டாமவர் பெரும்பாலும் இல்லை. இந்தக் குறை பலமுறை சுட்டப்பட்ட பிறகு, குழுவின் வருமானத்தில் குறைந்தது 35 விழுக்காட்டை ஏழைக் குடும்பங்களுக்கான பணிகளில் செலவிட வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலில் சேர்த்தார்கள். வளத்தைக் காப்பது ஒரு வேலை, அதன் பயனையும் சுமையையும் பங்கிடுவது இன்னொரு வேலை. இரண்டாவதை வெளிப்படையாக எழுதிவைத்தால்தான் நடக்கிறது.

அதிகாரம் கொடுத்தால் போதாதா? நிதியும் தர வேண்டுமா?

நிதி இல்லாத அதிகாரம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். பொலிவியாவில் 1994க்கு முன் கிராமப்புறப் பகுதிகளில் பலவற்றுக்கு நகராட்சியே கிடையாது, இருந்த சிலவற்றுக்கும் பணம் கிடையாது. பங்கிடப்பட்ட வரியின் பெரும்பகுதி மூன்று பெரு நகரங்களுக்கே போனது. அந்த ஆண்டு வந்த மக்கள் பங்கேற்புச் சட்டம் நாடு முழுவதும் நகராட்சிகளை உருவாக்கி, தேசிய வரி வருவாயில் 20 விழுக்காட்டை மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிட்டது. அதன்பின் பொது முதலீடு கல்விக்கும் குடிநீருக்கும் கழிவுநீர் வசதிக்கும் நகர்ந்தது. எழுத்தறிவு குறைந்த இடத்தில் பள்ளிக்கும், குழாய் இல்லாத இடத்தில் தண்ணீருக்கும் பணம் போனது. கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசமைப்பு 47 மாவட்ட அரசுகளை நிறுவி, தேசிய வருவாயில் குறைந்தது 15 விழுக்காடு அவற்றுக்குச் சேர வேண்டும் என்று விதித்தது. கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்ட நிதியின் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளே திட்டமிட்டுச் செலவிடும்படி மாற்றியது.

தொகையைப் போலவே அதன் தன்மையும் முக்கியம். எதற்குச் செலவிட வேண்டும் என்று முன்பே முத்திரை குத்தி வரும் மானியத்தால், தண்ணீர் இல்லாத ஊர் சமுதாயக் கூடம் கட்ட நேர்கிறது. ஆண்டின் கடைசி மாதத்தில் வந்து அதே மாதம் செலவாக வேண்டிய பணமும் அப்படித்தான், திட்டமிட நேரமில்லாமல் ஒப்பந்ததாரர் சொல்வதே திட்டமாகிவிடும்.

அனுப்பிய பணம் ஊர்வரை வந்து சேர்கிறது என்பதற்கு என்ன உறுதி?

உகாண்டாவில் ஆரம்பப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு அனுப்பிய செலவுத் தொகையைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. மேல்நிலைப் பதிவுகளையும் 250 பள்ளிகளின் பதிவுகளையும் ஒப்பிட்டதில், 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது தெரிந்தது. எத்தனை தொகை வர வேண்டும் என்பதே தலைமை ஆசிரியர்களில் பலருக்குத் தெரியாது. அதன் பிறகு அரசு ஒவ்வொரு மாதமும் அனுப்பிய தொகையை நாளிதழ்களில் வெளியிட்டது, பள்ளிச் சுவரிலும் எழுதி ஒட்டச் செய்தது. 2001 வாக்கில் வந்து சேர்ந்த பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அதே காலத்தில் நிதி நடைமுறைகளும் திருத்தப்பட்டதால் முழுப் பெருமையும் சுவரொட்டிக்கே உரியது என்று சொல்லிவிட முடியாது. எனினும் வர வேண்டிய தொகையை அறியாதவர் வராத தொகையைக் கேட்க வழியே இல்லை.

வெளிப்படைத்தன்மை மட்டும் எப்போதும் போதும் என்று நினைப்பவர்கள் இந்தோனேசிய ஆய்வையும் அறிய வேண்டும். பெஞ்சமின் ஓல்கன் அங்கே 600க்கும் மேற்பட்ட கிராமங்களின் சாலைப் பணிகளை ஆராய்ந்தார். பொறியாளர்கள் போட்ட சாலையைத் தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் உள்ளே இருக்கின்றன என்று அளந்து, கணக்கில் எழுதியதோடு ஒப்பிட்டார்கள். அரசுத் தணிக்கை உறுதியாக வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கிராமங்களில் காணாமல்போன செலவு 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. ஊர்க்கூட்டத்துக்கு அதிகம் பேரை அழைத்ததால் மட்டும் சராசரியில் பெரிய மாற்றம் வரவில்லை. கூட்டத்தில் இருப்பவர் கூலி குறைந்தால் கேட்பார், சாலைக்கு அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி போட்டார்கள் என்று அவரால் பார்க்க முடியாது. உள்ளூரில் திறந்த கணக்கு, மேலிருந்து தவறாத தணிக்கை என இரண்டும் வேண்டும்.

ஊரில் செல்வாக்கு உள்ளவர்களே இந்த அமைப்புகளைக் கைப்பற்றிக்கொள்வதில்லையா?

கைப்பற்றிக்கொள்கிறார்கள். உள்ளூர் அமைப்புகளின் மீது அன்பு உள்ளவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இது. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களைக் கடுமையாக மறுத்து, அது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் நிறைந்த இடம் என்று கண்டித்தார். தனிமனிதரையே அரசமைப்பின் அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சியும் தெரிவித்தார். அந்த எச்சரிக்கையை உள்ளாட்சிக்கு எதிரான வாதமாக நான் படிக்கவில்லை. உள்ளாட்சி எந்தப் பாதுகாப்புகளோடு அமைய வேண்டும் என்பதற்கான கட்டளையாகவே படிக்கிறேன். 2013இல் உலக வங்கியின் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 500 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வெளியிலிருந்து தூண்டப்படும் பங்கேற்புத் திட்டங்களின் பயன் வசதியும் படிப்பும் உள்ளவர்களின் பக்கமே சாய்வதையும், பொறுப்பான அரசு மேலே இருக்கும் இடத்தில்தான் அவை நன்கு செயல்படுவதையும் கண்டார்கள்.

கைப்பற்றுதல் எப்போதும் மிரட்டலால் நடப்பதில்லை. கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்று அறிவித்தாலே போதும். கூலிக்குப் போகிறவர் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வர முடியாது. வருகைப் பதிவேட்டில் வேண்டிய எண்ணிக்கை பிறகு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி நிறைவு செய்யப்படும், தீர்மானப் புத்தகத்தில் ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதப்படும். சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. வந்தவர்களிலும் யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் ஓரமாக நின்றார்கள், நின்றவர்களில் யாராவது வாய் திறந்தார்களா என்று பதிவேடு சொல்வதில்லை. ஆகவே கூட்டத்தின் நேரமும் இடமும்தான் பாதுகாப்பின் முதல் படி என்று கருதுகிறேன். இட ஒதுக்கீடு, இரகசிய வாக்கு, பயனாளிகளின் பட்டியலைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பது, மேல்முறையீட்டுக்கு ஊருக்கு வெளியே ஓர் அலுவலர் ஆகியவை அடுத்து வர வேண்டியவை.

பெண்கள் தலைமைக்கு வந்தால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா?

மாறுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. இந்தியாவில் 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிப் பதவிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்த ஊராட்சியின் தலைமை ஒதுக்கப்படும் என்பது சுழற்சி முறையில் அமைந்ததால் ஒப்பிடுவது எளிதாயிற்று. ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் துஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் தலைமை வகித்த ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டது தெரிந்தது. சாலை விஷயத்தில் இரு மாநிலங்களும் வேறுபட்டன. மேற்கு வங்கப் பெண்கள் சாலையை அதிகம் கேட்டார்கள், அங்கே சாலைப் பணி கூடியது. ராஜஸ்தான் பெண்கள் அவ்வளவாகக் கேட்கவில்லை, அங்கே குறைந்தது. தலைவிகள் தம் ஊர்ப் பெண்களின் தேவைக்கே செவிகொடுத்தார்கள் என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது. கணவரே நிர்வாகம் நடத்தும் ஊராட்சிகள் இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் குறையைக் காட்டி ஒதுக்கீடே வீண் என்பவர்களின் முடிவைத்தான் ஏற்க முடியாது.

சேமிப்புக் குழுக்களும் கடன் சங்கங்களும் வறுமையைப் போக்குமா?

நைஜரில் 1991இல் தொடங்கி ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவிய கிராமச் சேமிப்புக் குழுக்களில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதற்கு மூன்று பூட்டுகள், மூன்று சாவிகளும் மூன்று உறுப்பினர்களிடம். பெட்டி நான்காமவர் வீட்டில். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்த பிறகே மூன்று சாவிகளும் சேர்ந்து பெட்டி திறக்கும், எல்லோர் கண்முன்னும் பணம் எண்ணப்படும், மீதித் தொகையை உரக்கச் சொல்லிக் கேட்போர் மனத்தில் பதிய வைப்பார்கள். படிக்கத் தெரியாத உறுப்பினரும் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய முடிகிறது. ஓர் அமைப்பின் நேர்மையை உறுப்பினரின் நல்ல குணத்திடம் மட்டும் விட்டுவிடாமல் பூட்டிலும் வைத்திருக்கிறார்கள்.

பயனைப் பற்றி அளவோடு பேச வேண்டும். ஆறு நாடுகளில் நடந்த சிறுகடன் சோதனைகளின் முடிவுகள் 2015இல் ஒருசேர வெளிவந்தன. சிலருக்குத் தொழிலை விரிவாக்க உதவியது, குடும்பங்களின் சராசரி வருமானத்தைப் பெரிதாக உயர்த்தவில்லை என்பதே அவற்றின் சாரம். நோய் வந்த மாதத்தில் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருப்பது, விளைபொருளை விலை விழுந்த வாரத்தில் விற்காமல் காத்திருக்க முடிவது ஆகியவைதான் சேமிப்புக் குழுவின் உறுதியான பயன்கள். அவை சிறிய பயன்கள் அல்ல. குழுவில் சேரக்கூட வாரம் ஒரு தொகை இல்லாதவர்களுக்கு இந்த வழி எட்டாது, அவர்களுக்கு அரசின் நேரடி உதவியே வேண்டும்.

நகரங்களுக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தைத் தொடங்கியது. நகரப் பகுதிகளின் மக்கள் கூடித் தங்கள் முன்னுரிமையைச் சொன்னார்கள். வசதி குறைந்த பகுதிக்கு மதிப்பெண் கூடுதலாகும்படி பங்கீட்டு விதியும் இருந்தது. குழாய்நீரும் கழிவுநீர் இணைப்பும் 1990களில் ஏழைப் பகுதிகளுக்கு விரைவாகச் சென்றன. இந்த முறை உலகெங்கும் பரவியது. தொடங்கிய நகரத்திலேயே பின்னால் வந்த நிர்வாகங்களின் கீழ் அது வலுவிழந்தது, ஏனெனில் அது சட்டத்தில் வேரூன்றாமல் ஆளும் தரப்பின் விருப்பத்தை நம்பி நின்றது.

பேரிடர்க் காலத்தில் உள்ளூர் அமைப்பால் என்ன செய்ய முடியும்?

1970 நவம்பரில் வங்கக் கடலோரத்தைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். வங்கதேசம் 1972இல் புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கி, கடலோர ஊர்களிலேயே தொண்டர்களைப் பயிற்றுவித்தது. இன்று அவர்கள் 70,000க்கும் மேற்பட்டவர்கள். கொடி ஏற்றி, ஒலிபெருக்கியில் அறிவித்து, நடக்க முடியாதவர்களை வீடு தேடிச் சென்று முகாமுக்கு அழைத்துச் செல்வது அவர்களின் பணி. 2007இல் மிகக் கடுமையான சிடர் புயல் வந்தபோது இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். அந்த எண்ணிக்கையும் துயரமானதே. செயற்கைக்கோள், புகலிடக் கட்டடங்கள், கரைகள் எல்லாம் சேர்ந்து இந்த வேறுபாட்டைத் தந்தன. ஆயினும் எச்சரிக்கையை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதற்கு, அதைச் சொல்பவர் தெரிந்த முகமாக இருக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் உள்ளூருக்கே விட்டுவிடலாமா?

கூடாது. ஆற்றின் தலைப்பகுதி ஊர் நன்றாகக் கூடி முடிவெடுத்துத் தண்ணீர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடைமடை காயும். தொற்றுநோய், காலநிலை, பெரு நிறுவனங்களின் மாசு ஆகியவை ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்குவதில்லை. ஏழை மாவட்டங்கள் தம் வரியை மட்டும் நம்பினால் ஏழையாகவே இருக்கும், நிதியைச் சமன்செய்யும் பணி மேலுள்ள அரசுக்கே உரியது.

தொண்டு நிறுவனங்கள் அமைத்த குழுக்கள், திட்டம் முடிந்ததும் ஏன் கலைந்துவிடுகின்றன?

அவை திட்டத்துக்காகப் பிறந்தவை. நிதி தருபவரின் படிவத்தில் குழு என்று ஒரு கட்டம் இருந்ததால் குழு தோன்றியது, களப் பணியாளர் வரும் நாளில் கூடியது, அவர் வராத மாதத்தில் கூடவில்லை. ஊரில் ஏற்கெனவே தண்ணீர் முறையோ சீட்டோ நடத்தும் ஏற்பாடு இருந்தால் அதன் மீது கட்டுவது மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் அது நிற்கும். மூன்றாண்டுத் திட்டங்களின் அவசரம் இதற்குப் பெரும் பகை.

ஓர் உள்ளூர் அமைப்பு நன்றாக நடக்கிறதா என்பதை வெளியிலிருந்து வருபவர் எப்படி அறிவது?

தலைவரிடம் தொடங்க வேண்டாம். ஊரின் கடைசித் தெருவுக்குப் போய், கடந்த கூட்டம் எப்போது நடந்தது, அதில் என்ன முடிவாயிற்று என்று கேளுங்கள். விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். யாருடைய வீட்டுப் பெட்டியிலோ இருந்தால் அதைப் பார்க்க எத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கங்களைப் புரட்டும்போது வரவைவிடப் பராமரிப்புச் செலவைப் பாருங்கள்: வாஷர், கயிறு, மதகுக்கு எண்ணெய், வாய்க்கால் தூர்வாரிய நாள்கூலி என்று சிறு சிறு தொகைகள் பல தேதிகளில், பல கையெழுத்துகளில், சில அடித்துத் திருத்தப்பட்டு இருக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் ஒரே மையில் ஒரே கையால் எழுதிய சுத்தமான புத்தகத்தை நம்ப வேண்டாம். கடைசியாக, விதியை மீறியதற்காக அபராதம் கட்டியவர்களின் பெயர்களைப் பாருங்கள். அதில் வசதியான குடும்பத்துப் பெயர் ஒன்றாவது இருக்கிறதா என்று ஊராரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.